கோலார் மேடுகளும் நஞ்சடக்கும் முறையும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தோடு மூடப்பட்டுவிட்டன. ஆயினும், நூற்றிருபது ஆண்டுக் காலம் பாறையை அரைத்துப் பொன்னை எடுத்துக்கொண்டபின் எஞ்சிய பொடி, ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன், 13 மேடுகளாக இன்றும் ஊரை ஒட்டியே நிற்கிறது. அவ்வூரார் அவற்றைச் சயனைடு மேடுகள் என்று வழங்குகிறார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் குவிந்தவை அவை. பாலாற்றின் நீர்ப்பிடிப்புப் பிரதேசத்தில் அவை நிற்பதால், அந்தப் பாலாற்றுத் தண்ணீர் வந்து சேரும் தாம்பரம், பெருங்களத்தூர்வாசிகளாகிய நமக்கும் அவற்றின்பால் அக்கறை இருந்தாக வேண்டும். கோலாரின் விஷம் நம் வீட்டுக் குழாய்வரை வருகிறது என்று நான் சொல்லவில்லை. இடையிலுள்ள தூரமும் மணலும் மிகுதி. ஆற்றின் தலைமாட்டில் நடப்பது கடைமடைக்காரனுக்குச் சம்பந்தமற்றது என்று இருந்துவிடலாகாது என்பதே என் எண்ணம்.

1887-இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டறிந்த சயனைடு முறை, கண்ணுக்குத் தெரியாத பொன்துகளையும் கரைத்து எடுக்கும் அபூர்வ சாதனம். கரைசல் காரத்தன்மையோடு இருக்கும்படி சுண்ணாம்பைச் சேர்த்து, பொன்னைப் பிரித்தபின், மிஞ்சிய சேற்றை அணைகட்டிய குட்டையில் விடுவது வழக்கம். அங்கே வெயிலும் காற்றும் நுண்ணுயிர்களும் சயனைடைச் சிறிது சிறிதாக அழிக்கின்றன. காற்றிலுள்ள கரியமில வாயு நீரின் காரத்தைக் குறைக்கக் குறைக்க, சயனைடு ஆவியாகிப் பரந்த வெளியில் கலந்து நீர்த்துப்போகிறது. செலவின்றி நடக்கும் இந்தச் சுத்திகரிப்பு, வெயில் தாராளமாக உள்ள நம் நாட்டுக்கு ஏற்றது என்பதை மறுப்பதற்கில்லை. உயிரைக் கொல்லும் வேகத்தில் சயனைடுக்கு இணை சிலவே என்றாலும், ஈயத்தையோ ஆர்சனிக் எனப்படும் பாஷாணத்தையோ போல அது யுகயுகமாய்த் தங்குவதில்லை.

ஆனால் இந்த நம்பிக்கைக்குள்ளேதான் குறையும் ஒளிந்திருக்கிறது. இரும்போடு பிணைந்த சயனைடு எளிதில் அழியாமல் கசட்டில் தங்கி, வெயில் படும்போது மீண்டும் நஞ்சை விடுவிக்கக்கூடியது. அதைவிடப் பெரிது, அணை உடைந்தால் வெயிலுக்கு வேலை செய்ய அவகாசமே இல்லாமற் போவது: 2000-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி இரவு ருமேனியாவின் பையா மாரேயில் குட்டைக் கரை உடைந்து, சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் தீசா நதியை அடைந்து, அங்கிருந்து டான்யூப்வரை மீன்களைக் கொன்றுகொண்டே போயிற்று. அதனால்தான் குட்டைக்கு விடுமுன்பே கந்தக டையாக்சைடும் காற்றும் செலுத்தியோ, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தோ சயனைடை முறித்துவிட வேண்டும் என்ற கொள்கை வலுத்தது. நம் தேசத்துச் சட்டமும் ஆறு, ஏரி முதலிய உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் சயனைடுக்கு மேல் இருக்கலாகாது என்கிறது. வெயிலை மட்டும் நம்புவதைவிட இதுவே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இத்தனை செய்தாலும் உலோகங்கள் உலோகங்களாகவே இருக்கின்றன. சயனைடை முறித்துவிட்டோம் என்ற திருப்தியில் பாஷாணத்தை மறந்துவிடுவதே இந்த முறையின் பெரும் பலவீனம் என்று நான் கருதுகிறேன். பாறையிலிருந்த கந்தகக் கனிமங்கள் பொடியாகிக் காற்றும் மழையும் பட்டால் அமிலம் சுரக்கும். கசடு தன் சுண்ணாம்பை இழந்துவிட்ட நிலையில், அந்த அமிலம் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கீழிறங்கும். சயனைடுக்கு வேண்டியது சில காலப் பொறுமை; இவற்றுக்கோ சந்ததி சந்ததியாகக் காவல் வேண்டும்.

கோலார் மேட்டின் மேற்புறத்தைக் கையால் தொட்டுப் பார்த்தால் மணல் என்று சொல்ல முடியாது. முகத்துக்குப் பூசும் பவுடர்போல் விரலிடுக்கில் ஒட்டும். ஆடிக் காற்றில் அது எழுந்து குடியிருப்புகளின் கூரைமேலும் காயவைத்த துணிமேலும் படியும். மழையில் சரிவெல்லாம் வாய்க்காலாய் அறுந்து, பொடி பள்ளத்தை நோக்கி ஓடும். ஆலை இயங்கியபோது நிர்வாகம் என்ற ஒன்று இருந்தது. ஆலை நின்றபின் குட்டையின் கரையைப் பார்க்க யார் வருவார்? இதே பாலாற்றங்கரையில், ராணிப்பேட்டையில், குரோமேட் தொழிற்சாலை மூடிய பிறகு லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு பல்லாண்டுகள் வெட்டவெளியில் கிடந்ததும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காததன் விளைவே.

மேடுகளைத் தோண்டி மீதமிருக்கும் பொன்னை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. தூசியின் மூலத்தையே அகற்றி, எஞ்சும் கசட்டைக் கசிவில்லாத தளத்தில் வைக்க இது ஒரு சந்தர்ப்பம். ஆதலால் அதை எதிர்ப்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் மீண்டும் சயனைடைத் தொட்டால், முதல் மண்வெட்டி விழுமுன் மூன்று ஏற்பாடுகள் நடந்தாக வேண்டும்: குட்டையின் அடித்தளத்துக்குக் கசிவுத் தடுப்புப் படுகை அமைய வேண்டும், மேட்டைச் சுற்றியுள்ள கிணறுகளில் சயனைடும் பாஷாணமும் எவ்வளவு என்று முன்கூட்டியே அளந்து ஊரார் முன் எழுதி வைக்க வேண்டும், கம்பெனி போனபின் ஆண்டுக்காண்டு கரையைப் பார்ப்பதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே அரசாங்கத்தின் வசம் கட்டிவிட வேண்டும்.