தையா தையாவும் சாதியும்

'உயிரே' படம் 1998இல் வந்தபோது எனக்கு ஏழெட்டு வயசு. எங்கள் சேரியில் காதுகுத்தோ சடங்கோ எதுவானாலும் குழாய் ரேடியோவில் 'தையா தையா'தான். ஊட்டி மலை ரயிலின் கூரைமேல் ஆடுகிற அந்த ஆட்டத்தை நாங்கள் மாட்டுவண்டி மேல் ஏறி ஆடிப் பார்ப்போம். தையா என்றால் என்னவென்று யாரும் கேட்டதில்லை. எம்.ஏ. தமிழ் முடிச்ச பிறகும் ஏதோ தாளச் சொல் என்றுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். பஞ்சாபி சூபிக் கவி புல்லே ஷாவின் (1680-1757) பாடல் ஒன்றிலிருந்து புறப்பட்ட சொல் அது. இந்தியில் 'சய்யா' ஆகிவிட்டது, தமிழில் பழைய உருவிலேயே நின்னுடுச்சு.

தாளச் சொல்தான். ஆனால் யார் காலின் தாளம்?

புல்லே ஷா சையது. நபிகளின் வம்சம் என்று சொல்லிக்கொள்கிற உசந்த குடி. அவர் குருவாக ஏற்ற ஷா இனாயத்தோ அராயின், தோட்டப்பயிர் வைக்கிற சாதி. (இஸ்லாத்தில் சாதி இல்லை. தெற்காசிய முஸ்லிம்களிடம் இருக்கு.) போயும் போயும் அராயினா குரு என்று வீட்டுப் பெண்களே ஏசினதாகக் கதை. பிறகு ஒருமுறை குரு கோபித்து விலக்கிவிட, புல்லே ஷா கூத்தாடும் பெண்களிடம் போய் ஆட்டம் பழகி, அவர்களின் உடையிலேயே குரு முன்னால் ஆடி அவர் மனசைத் திருப்பினாராம். அந்த ஆட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பாட்டு இது.

இது வரலாறு இல்லை, வழங்குகிற கதை. இருக்கட்டும். நம்ம நந்தனார் கதையும் கதைதானே. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே புலையர் தீக்குளித்து, பூணூல் போட்ட முனிவர் வடிவத்தில் எழுந்து வந்தால்தான் கோயிலுக்குள் வரலாம். இங்கே உசந்த சாதிக்காரன் கீழிறங்கி, ஆட்டக்காரி வேஷம் கட்டி, தோட்டக்காரர் காலடியில் ஆட வேண்டியிருக்கு. சினிமாவில் இந்த இறக்கம் காணாமல் போச்சு. கதாநாயகன் ஆம்பளையாகவே நின்று காதலியைப் பாடுகிறான்.

இதுகூடப் பரவாயில்லை, ஆட்டமாவது மிஞ்சியது. மற்றவை இன்னும் மோசம். சேவான் தர்காவில் அடங்கியிருக்கும் லால் ஷாபாஸ் கலந்தரைப் போற்றும் பாட்டில் 'மஸ்த்' என்பது இறைவன் நினைப்பில் ஏறிய போதை. 1994இல் வந்த 'மோஹ்ரா' கலந்தரைக் கழற்றிப் போட்டுவிட்டு 'மஸ்த்'தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் 'பொருள்' என்று பாடியது. 1997இல் 'அவ்ஸார்' படத்தில் 'அல்லா ஹூ' என்கிற திக்ருச் சொல் 'ஐ லவ் யூ' ஆனது. இரண்டுமே நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடி உலகம் கேட்ட மெட்டுகள்.

அந்த நுஸ்ரத்தின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கவ்வாலி பாடியது. இருந்தும் அவருடைய அப்பா, மகன் டாக்டராக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். கவ்வாலிக்காரனுக்குச் சமூகத்தில் மதிப்பில்லை என்பது காரணம். பஞ்சாபில் வம்சமாகப் பாட்டுத்தொழில் செய்கிறவர்களை 'மிராசி' என்று தாழ்த்திச் சொல்வார்கள். தஞ்சாவூரில் நிலத்தை வளைத்துப் போட்டிருந்தவர் மிராசுதார். வாரிசுச் சொத்தைக் குறிக்கிற அரபுச் சொல்தான் இரண்டுக்கும் வேர். ஒருத்தனுக்கு வந்த சொத்து நிலம், இன்னொருத்தனுக்கு வந்தது தொண்டை.

எங்கப்பா பறையடிப்பவர். "மேளத்தைத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன். படி" என்பார். லயல்பூரில் ஒரு கவ்வாலிக்காரர் தன் மகனிடம் சொன்னதும் இதே சங்கதிதான் என்று அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் விமர்சகர்கள் இந்தப் பாட்டுகளைக் கேட்டால் உடனே 'மத நல்லிணக்கம்' என்று உருகுவார்கள். மறுபக்கத்தில் மார்க்கத்தைக் காக்கக் கிளம்பியவர்கள், இறைவன் பெயரை ஆட்டத்தில் போடலாமா என்பார்கள். இவர்களில் துப்பாக்கி எடுத்தவர்களும் உண்டு. கவ்வாலிப் பாடகர் அம்ஜத் சாப்ரி 2016 ஜூனில் கராச்சியில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2017 பிப்ரவரி 16 அன்று சேவான் தர்காவில் தமால் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தில் குண்டு வெடித்து 80 பேருக்கு மேல் செத்தார்கள். மறுநாளே அங்கே மணி அடித்தது. உருகுகிறவர்களுக்கும் சரி, தடுக்கிறவர்களுக்கும் சரி, பாடுகிற வாய் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்கிற கேள்வி இல்லை. சொல்தான் புனிதம், வாய் எக்கேடு கெட்டால் என்ன?

போன தை மாசம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். அண்ணன் மகன் அப்பாவின் பறையை எடுத்து ஸ்பீக்கரில் ஓடிய 'தையா தையா'வுக்கு அடித்தான். அப்பா ஒண்ணும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவரின் கால்விரல் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்ப் புல்லே ஷா கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"அந்தக் குரு நம்மாளா?"

"இல்லப்பா, தோட்டக்காரர்."

"அப்ப அவரு ஆடுனப்ப மேளம் அடிச்சது யாரு?"

கதையில் அது இல்லை.