ஆய்வு மாணவர் பயிற்சியும் தமிழாய்வின் தேவையும்

உயர்பட்ட ஆய்வு மாணவர்க்குப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பயிற்சிப் பட்டறைகள் பெரும்பாலும் எல்லாத் துறைக்கும் பொதுவானவை. மேற்கோள் மென்பொருள், புள்ளியியல், ஆய்வேட்டு அமைப்பு ஆகியவற்றை அவை கற்பிக்கின்றன. அவற்றை நாம் குறைகூற முற்படவில்லை. ஆயினும், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்தை ஆராய்பவர்க்கு அவை போதா.

1887இல் தோன்றிய 'சிங்கை நேசன்' போன்ற இதழை நுண்படச் சுருளில் காணும் மாணவர் முதலில் தடுமாறுவது கோட்பாட்டில் அன்று. பழைய எழுத்து வடிவத்திலும் ஆண்டுக் கணக்கிலுமே. 'சர்வசித்து' எனும் ஆண்டுப்பெயர் 1887ஐயும் குறிக்கும். அறுபதாண்டு கழித்து 1947ஐயும் குறிக்கும். ஆண்டெண் அச்சிடப்படாத நூலொன்றின் காலத்தைத் தாளையும் அச்சகப் பெயரையும் விளம்பரத்தையும் கொண்டு உறுதிசெய்வதை எந்தப் பட்டறை கற்பிக்கிறது?

இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' (1969) எனும் நூற்பட்டியலை இன்றும் நாம் நாடுகிறோம். அத்தகைய தொகுப்புப் பணியை ஆய்வென ஏற்கத் தயங்குவோர் (தம் ஆய்வேட்டில் அதனை எடுத்தாளத் தயங்காதவர்) நம்மிடையே உள்ளனர். ஆய்வு முன்மொழிவுக்கு முன்னரே ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவம் நூலகத்தில் அமர்ந்து, ஏதேனும் ஓர் இதழின் அடைவை முழுமையாக உருவாக்க வேண்டும். அதனை வரிவரியாகச் சரிபார்ப்பது நெறியாளரின் கடமை.