பண்டிகையைச் சுமப்பவர் யார்?

பொரளையில் குடியிருக்கும் நடுத்தரத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் நவராத்திரி வந்துவிட்டதென்பதை அறியப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. மாலையில் கந்தோர் விட்டு வரும் குடும்பத்தலைவியின் கைகளைப் பார்த்தாலே போதும். ஒரு கையில் பூச்சரமும் வெற்றிலையும், மறு கையில் வாழைப்பழச் சீப்பு. வீடு சேர்ந்ததும் கடலை ஊறப்போட வேண்டும். விடிய நான்கு மணிக்கு எழுந்து அவிக்க வேண்டும். தைப்பொங்கலுக்கும் மகா சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் இந்த நாட்டில் பொது விடுமுறை உண்டு, நவராத்திரிக்கு இல்லை. ஆகவே கல்விக்கும் செல்வத்துக்கும் வீரத்துக்கும் உரிய மூன்று தேவியரையும் அவள் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்திலேயே வழிபட்டாக வேண்டியிருக்கிறது. கணவர் பத்திரிகையிலிருந்து தலை நிமிர்த்தி, "பூசை எத்தனை மணிக்கு?" என்று கேட்பார். அவருடைய பக்தி அந்த ஒரு கேள்வியோடு நிறைவெய்திவிடுகிறது.

பரபரப்பான வாழ்வில் பண்டிகைகளை மனம் ஒன்றிக் கொண்டாடுவது எப்படி என்று அண்மைக் காலமாக நிறைய எழுதுகிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் நம்மவர்களுக்கென எழுதப்படும் இந்த யோசனைகள் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. முன்கூட்டியே திட்டமிடுங்கள், தொலைபேசியை ஒதுக்கிவையுங்கள், குழந்தைகளுக்குத் தத்துவத்தை விளக்குங்கள், பதற்றமின்றிப் புன்னகையோடு செய்யுங்கள் என்கிறார்கள். நல்ல யோசனைகள்தாம். ஆனால் இவை யாரை நோக்கிச் சொல்லப்படுகின்றன? திட்டமிடுகிறவள் தாய், விளக்குகிறவளும் தாய். முன்பு அவள் வடை மட்டும் சுட்டாள். இப்போது மன அமைதியோடு வடை சுட வேண்டும். மன ஒருமையும் அவளுடைய வேலைப் பட்டியலில் இன்னொன்றாகச் சேர்ந்துவிட்டது.

வேறொரு சாரார் இருக்கின்றனர். திதி தவறிய பண்டிகை பண்டிகையே அல்ல, சனி ஞாயிறுக்குத் தள்ளிவைத்த பூசை பூசையே அல்ல என்பது அவர்கள் வாதம். இவர்கள் கொழும்பின் ஆடிவேல் விழாவைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். வட்டித்தொழிலுக்கும் அரிசி வாணிபத்துக்குமாகக் கடல் கடந்து வந்து செட்டியார் தெருவில் தங்கியவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கதிர்காம யாத்திரையால் வாந்திபேதி பரவுகிறதென்று ஆங்கில அரசு யாத்திரையைக் கட்டுப்படுத்தியிருந்த காலத்தில், 1874இல், அவர்கள் இவ்விழாவைத் தொடங்கினர் என்பர். கதிர்காமத்துக்குப் போக இயலாதபோது வேலைத் தேரிலேற்றிக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். வேலை மிகுந்த அந்நியர் கூட்டமொன்று தன் வசதிக்கேற்பச் சமைத்துக்கொண்ட விழாவே அது! வீதியோரத்துக் கரும்பும் கடலையும் வாங்கச் சிங்களவரும் முஸ்லிம்களும் திரண்டு வந்தார்கள். 1983 ஜூலை 24 அன்று பொரளைக் கனத்தையில் மூண்ட வன்செயலுக்குப் பின்னர் பல ஆண்டுகள் அந்தத் தேர் ஓடவில்லை. பண்டிகை நின்றுபோவதற்கும் திதி பிசகுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஆண்டுகளைக் கொழும்பில் கழித்தவர்கள் அறிவார்கள்.

ஈழத்து அகதிகள் ஜெர்மனியின் ஹம் நகரில் எழுப்பிய காமாட்சி அம்பாள் ஆலயம் 2002இல் கும்பாபிஷேகம் கண்டது. அங்கே தேர் ஓடுவது கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமையில். நம் நாட்டிலேயே 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையை நீக்கிப் போயா நாட்களை வார விடுமுறையாக்கினார்கள். வானம் இடிந்து விழவில்லை. நாள் மாறுவது நம்மைக் கலக்கவில்லை. ஆள் மாறாமல் இருப்பதே கலக்குகிறது.

"ஊரில் இப்படியா இருந்தது?" என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு நாமும் ஓரளவு உடன்படுகிறோம். ஊரில் முற்றம் இருந்தது. மாவிடிக்க அயலவர் வந்தனர். ஒரு வீட்டுப் பலகாரத்தில் நாலு வீட்டுக் கைகள் இருந்தன. தொடர்மாடி வீட்டின் காஸ் அடுப்பில் அந்தக் கைகள் அத்தனையும் ஒருத்தியின் இரு கைகளாகச் சுருங்கிவிட்டன. ஆயினும் ஊர் நினைவிலும் நமக்கு வசதியானதையே நினைக்கிறோம். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசம் கோரி ஒடுக்கப்பட்ட மக்கள் வாயிலில் நின்றதும் அதே ஊர்த் திருவிழாவில்தான்.

இந்தச் சுமையை வீட்டுக்காரி எப்படித் தீர்த்துக்கொள்கிறாள்? பெரும்பாலும் தன்னிலும் எளியவளிடம் இறக்கிவைக்கிறாள். வெள்ளவத்தை வீடுகள் பலவற்றில் தீபாவளிக்கு முதல் நாள் இரவு முறுக்குப் பிழிகிறவள் மலையகத்துப் பெண். தோட்டங்களில் தீபாவளியைப்போல் பெரிய நாள் வேறில்லை. அதற்கென்று தொழிலாளர்கள் தீபாவளி முற்பணம் வாங்கி, பின்னர் மாதந்தோறும் சம்பளத்தில் கழிய விடுகிறார்கள். கடன்பட்டு ஒருநாள் சிரிக்கும் அந்த லயத்தில், அவளுக்காக எடுத்த சேலை மடிப்புக் கலையாமல் இருக்கும். இங்கே அவள் பிழிந்த முறுக்கின் பக்கத்தில் நின்று குடும்பத்தினர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். "பிறகு போகலாம், இப்போது வீட்டில் வேலை" என்பது அவளுக்குக் கிடைக்கும் பதில். நரகாசுரன் மாண்ட கதையைக் குழந்தைகளுக்கு விளக்கும் தாய், கதவுக்கு அப்பால் குசினியில் நிற்பவளையும் அக்குழந்தைகளுக்குக் காட்டுவாளா?

பொரளையில் நாமறிந்த வீடொன்றில் சென்ற தீபாவளிக்கு வேலைக்கார அம்மாவை மூன்று நாள் முன்னதாகவே சம்பளத்தோடு ஹட்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்காரர் உழுந்து ஊறப்போட்டார். அரைத்ததில் தண்ணீர் கூடிப்போயிற்று. பதினான்கு வயது மகன் வடை தட்டினான். ஒன்றிலும் துளை நடுவில் விழவில்லை. பலகாரம் இரண்டோடு நின்றது. மனைவி நாற்காலியில் அமர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு முதல் வடையைச் சூட்டோடு தின்றார்.