மங்கிய திரு இருதயப் படங்கள்

சேர்வராயன் மலையில் பழைய வீடுகள் புதுப்பிக்கப்படும்போது, முதலில் சுவரை விட்டு இறங்குவது பெரும்பாலும் திரு இருதய ஆண்டவரின் மங்கிய வண்ணப்படமே. மந்திரித்த படமாயிற்றே என்று தயங்கி, எரிப்பதா புதைப்பதா எனப் பங்குக்குருவிடம் கேட்போர் உண்டு. இரண்டும் மரியாதையான வழக்கங்களே. ஆயினும் அதற்கு முன்னர் படத்தை ஒருமுறை கூர்ந்து நோக்குதல் நன்று.

இப்படங்களின் மூதாதை, உரோமை நகரில் இயேசு சபையாரின் தாய்க்கோயிலில் உள்ளது; பொம்பேயோ பத்தோனி 1767-இல் செப்புத்தகட்டில் தீட்டியது. அங்கே ஆண்டவர் தம் இருதயத்தைக் கையில் ஏந்தி நம்மிடம் நீட்டுகிறார். பின்வந்த அச்சுப்படங்கள் பலவற்றில் இருதயம் மார்பின்மேல் ஏறிவிட்டது. கொடுக்கும் கை சுட்டிக்காட்டும் கையாகிவிட்டது. கன்னச் சிவப்பும் கூடிற்று. கலை நோக்கில் இது இழப்பே என்பேன்.

ஆனால் பழைய வண்ணக் கல்லச்சில் அரிய உழைப்பு உண்டு. 1837-இல் எங்கெல்மான் காப்புரிமை பெற்ற இம்முறையில், நிறத்திற்கு ஒரு கல்லாக, சிலவேளை பத்துக்கும் மேற்பட்ட கற்களை ஒரே தாளில் பிசகாது பதித்தனர். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கையால் இட்ட ஒழுங்கற்ற புள்ளிகள் தெரிந்தால் அது கல்லச்சு. சின்னஞ்சிறு பூவடிவில் புள்ளிகள் அணிவகுத்தால் பிற்கால ஆப்செட். ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்! அச்சகத்தின் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்கும்.

விலை? இரவிவர்மா அச்சகப் படங்களுக்கு உள்ள கிராக்கி இவற்றிற்கு இல்லை. உலகெங்கும் ஏராளமாக அச்சானவை இவை. மையால் எழுதப்பட்டிருந்தால் வணிகர் இன்னும் குறைத்தே மதிப்பிடுவர். இங்கேதான் வணிகரின் அளவுகோல் தவறுகிறது. பெரு நாட்டில் பிறந்த மத்தேயோ அடிகளார் 1907-இல் தொடங்கிய இல்ல அரியணையேற்பு முயற்சியையொட்டி, படத்தின் அடியில் குடும்பத்தார் பெயர்களையும் நாளையும் எழுதிக் குருவானவர் கையொப்பமிடும் வழக்கம் பரவிற்று. காப்பித் தோட்ட வேலைக்கு வந்து, குடியிருப்பு மாறி மாறி வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு, அந்த மூன்று வரிகளே பாட்டனார் பெயரைச் சொல்லும் ஒரே ஏடாக இருக்கக்கூடும். அதை எரித்தபின் எங்கே தேடுவது?

சுமார் 1,500 மீட்டர் உயரத்து மூடுபனி தாளுக்குப் பகை. கண்ணாடி தாளைத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டதைப் பிய்க்காமல் அறிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பின்புறப் பலகையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும் ஆதலால் அமிலமற்ற அட்டை வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் சிறிது இடைவெளி விட்டு, வெயில் படாத உட்சுவரில் மாட்டலாம். ஈரத்துணியால் துடைப்பதும் லாமினேஷன் செய்வதும் வேண்டா. மெழுகுதிரி சற்று எட்டியே எரியட்டும்.

வண்ணம் பூசிப் புதுப்பிக்கும் ஆசைதான் பெருங்கேடு. ஆலயங்களில் வணக்கத்திற்கு வைக்கப்பட்ட அரிய திருவுருவங்களை ஆயரின் எழுத்துமூல அனுமதியின்றிச் செப்பனிடலாகாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1189. இல்லப் படங்களை அது கட்டுப்படுத்தாது. அதன் எச்சரிக்கை பொருந்தும். பளபளப்பான புதுப்படம் விரும்புவோர் வாங்கி மாட்டட்டும். பழையது, எழுத்துள்ள ஓரத்தோடு, பக்கத்துச் சுவரில் இருக்கலாமே.