கும்மிடிப்பூண்டி = 48 பைட்

இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று எங்க திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்த மடிக்கணினிகள். அப்படி ஒன்றில் கும்மிடிப்பூண்டிப் பையன் ஒருவனுக்குப் புது லினக்ஸ் போட உட்கார்ந்தேன்.

இன்ஸ்டாலர் திரையில் எஸ்டிஏ1, எஸ்டிஏ2, எஸ்டிஏ5. "அண்ணா, இதுல என் டி டிரைவ் எது?" என்றான். அவனுடைய பாலிடெக்னிக் புராஜெக்ட் அதில்தான் இருக்கு. இரண்டு பார்ட்டிஷன் ஏறக்குறைய ஒரே அளவு. நிறுத்திவிட்டேன்.

சி, டி என்பவை விண்டோஸ் வைக்கும் பெயர். எஸ்டிஏ என்பது லினக்ஸ் கர்னல் வைப்பது. இரண்டு டிஸ்க் இருந்தால் அடுத்த பூட்டில் மாறவும் கூடும். டிஸ்கிலேயே எழுதப்பட்டிருப்பது லேபிளும் யூயுஐடியும். மனுஷன் படிக்கக்கூடியது லேபிள்தான். டெர்மினலில் கேட்டால் அது வருகிறது. அழிக்கச் சொல்லும் திரையில் மட்டும் ஏன் காணோம்?

சரி, தமிழில் லேபிள் வைக்கலாம் என்றால் அடுத்த சிக்கல். எக்ஸ்ட்4 தருவது 16 பைட். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். புள்ளி, கொம்பு எல்லாம் தனிக்கணக்கு. கும்மிடிப்பூண்டி 16 குறி, 48 பைட். நறுக்கினால் 'கும்ம' மட்டும் தேறும். என்டிஎஃப்எஸ்-இல் 32 குறி வரை வைக்கலாம். முழு ஊரும் உட்காரும். மெனுவைத் தமிழாக்கியவர்கள் இதையும் பார்த்திருக்கலாம்.

நீங்க செய்ய வேண்டியது: இன்ஸ்டாலரைத் திறக்கும் முன் விண்டோஸிலேயே டி டிரைவுக்குப் பெயர் வையுங்க, அளவைப் பேப்பரில் குறிச்சுக்குங்க. எக்ஸ்ட்4-க்கு 'பாடம்' போதும். 15 பைட், நுழையும்.