ஏணி யார் கையில்?

மாணவர்கள் தங்கள் கற்றல் இலக்கைத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தாங்களே பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. நேத்து வந்த யோசனை மாதிரி பேசுறாங்க. ஆனால் இதில் ஒரு பாதியைத் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டன. அது எந்தப் பாதி, அப்புறம் என்னாச்சு என்பதுதான் இந்தக் குறிப்பு.

செயல்வழிக் கற்றலைச் சொல்கிறேன். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க 1 முதல் 4ஆம் வகுப்பு வரை வந்தது. பாடம் சின்னச் சின்ன மைல்கற்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் சின்னம் போட்ட அட்டைகள். அவற்றின் வரிசை சுவரில் ஏணியாகத் தொங்கும். பிள்ளை ஏணியைப் பார்த்து, தான் நிற்கும் படியைக் கண்டுபிடித்து, அந்த அட்டையோடு உரிய குழுவில் போய் உட்காரணும். மதிப்பீட்டு அட்டையை முடித்தால் அடுத்த படி. முடியலைன்னா, அதற்கென்றே வேறு அட்டை, திரும்பவும் பயிற்சி.

கம்பம் பள்ளத்தாக்கு மாதிரியான இடத்தில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. கோம்பை, தேவாரம், கூடலூர் பக்கமிருந்து விடியுமுன்பே ஜீப் ஏறி இடுக்கி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற தாய்மார்கள் நிறைய. கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்றால் மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம்தான் அடிபடும். பத்து நாள் கழித்து வருகிற பிள்ளையை விட்டுவிட்டுப் புத்தக வகுப்பு எங்கேயோ போயிருக்கும். ஏணி வகுப்பில் விட்ட அட்டை அங்கேயே இருக்கும்.

இங்கே திராட்சைக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். கம்பத்தில் வருஷம் முழுக்கப் பன்னீர் திராட்சை வருதுன்னா, எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் கவாத்து செய்வதில்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனி நாள் கணக்கு.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. எப்போது கவாத்து வெட்டுவது என்பதையும் தோட்டக்காரரே முடிவு செய்கிறார். ஏணியில் பிள்ளைக்கு அந்த இடம் இல்லை. கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மேன், தன்னைத் தானே நெறிப்படுத்தும் கற்றலை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்: முன்யோசனை, செயல், திரும்பிப் பார்த்தல். நடுக்கட்டத்தை ஏணி நன்றாகவே செய்தது. முதலும் கடைசியும் பலவீனம். படிகள் எல்லாம் மேலிருந்து வந்தவை. "எந்த அட்டையில இருக்கே?" என்று கேட்க ஏணி போதும். "எது கஷ்டமா இருந்துச்சு, ஏன்?" என்று கேட்க அதில் வழியில்லை. அட்டையை முடிப்பதே படிப்பு என்று ஆகிவிடும் ஆபத்து அங்கேதான்.

அந்தக் குறையை நிரப்பியிருக்கலாம். நடந்தது வேற. 2012-13-இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தது: வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60. பிள்ளை தன்னைத் திருத்திக்கொள்ள உதவ வேண்டிய வளரறி மதிப்பீடு, மதிப்பெண்ணாக ஆனதுமே ஆசிரியரின் பதிவேட்டுக்கு உரியதாகிவிட்டது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறது. கொரோனா இடைவெளிக்குப் பிறகு இது அவசியம்தான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மதிப்பீட்டு விவரம் ஆசிரியரின் செல்போன் செயலிக்குள் போகிறது. ஒரு பிள்ளை மொட்டு நிலையில் இருப்பது மேலே உள்ளவர்களுக்குத் தெரியும். மலர் ஆக இன்னும் என்ன கத்துக்கணும்னு அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? சுவரில் தொங்கிய ஏணியாவது அதன் கண்ணுக்குத் தெரிந்தது.

"எட்டு வயசுப் பிள்ளைக்குத் தன் நிலை எப்படித் தெரியும்? எல்லாம் தெரியும்னுதான் சொல்லும்" என்று கேட்கலாம். நியாயம்தான், சின்னப் பிள்ளைகள் தங்களைக் கூட்டியே மதிப்பிடுவார்கள். அதனால்தான் இலக்கு சோதித்துப் பார்க்கக் கூடியதாக இருக்கணும். "நல்லா படிப்பேன்" உதவாது. "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பத்தியை நிறுத்தாம வாசிப்பேன்", "கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு அஞ்சு போடுவேன்" இதெல்லாம் உதவும்.

இதற்குப் புதுத் திட்டம் வேண்டாம், நோட்டின் கடைசிப் பக்கம் போதும். திங்கள்கிழமை ஒரு இலக்கு. வெள்ளிக்கிழமை பக்கத்துப் பிள்ளையிடம் செய்து காட்டணும். முடிந்ததா இல்லையா என்று தானே குறிக்கணும். முடியலைன்னா ஏன் என்று ஒரு வரி. ஆசிரியர் படித்துப் பார்த்தால் போதும். மதிப்பெண் கூடாது, செயலியில் ஏற்றவும் கூடாது. ஏற்றினால் அடுத்த வாரமே பிள்ளைகள் ஏற்கெனவே தெரிந்த கணக்கை இலக்காக எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.