முதியோர் வார்டுக்குக் கைகள் வேண்டும்

எண்பது வயதில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர், காய்ச்சல் விட்டு வீடு திரும்பும்போது நடையை இழந்து திரும்புகிறார். “வயசாயிடுச்சு, இனிமே அப்படித்தான்” என்று வீட்டார் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். அந்த நடையைப் பறித்ததில் வயதுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் பெரும்பங்கு உண்டு. நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அவர்களுடைய கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. ஏற்கெனவே எடை குறைந்து, சோர்ந்து, பிடி தளர்ந்து, நடை மெலிந்து இருக்கும் ஒருவருக்கு அதே பத்து நாள் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையைத்தான் மருத்துவர்கள் நலிவு என்கிறார்கள். நலிந்தவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டால் அவர் எழுந்து நடப்பதில்லை. தூக்க மாத்திரை கொடுத்தால் இரவில் புத்தி தடுமாறுகிறது. கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தால் பகலிலும் தடுமாறுகிறது.

இதற்கு மாற்றாக வந்ததே முதியோர் வார்டு. 1935இல் லண்டன் அருகே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், ஏழைகள் விடுதியிலிருந்து வந்து ஆண்டுக்கணக்கில் படுத்தே கிடந்த எழுநூற்றுச் சொச்சம் பேரின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம் வந்தது. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, எழுப்பி, நடக்க வைத்து, பலரை வீட்டுக்கே அனுப்பினார். நோயை மட்டும் பார்க்காமல் நடை, நினைவு, உணவு, விழுங்கும் மாத்திரைகள், வீட்டுச் சூழல் என எல்லாவற்றையும் ஒரு குழுவாகச் சேர்ந்து மதிப்பிட்டுக் கவனிக்கும் முறை அங்கிருந்து வளர்ந்தது. தமிழகத்தில் இதைத் தொடங்கிவைத்தவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பே வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

இந்த முறை பலன் தருகிறதா? தருகிறது. ஆனால் எவ்வளவு என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தனிப்பிரிவில் கவனிக்கப்பட்டவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 24 விழுக்காட்டுக்கும் குறைவு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 48 விழுக்காட்டினர் இறந்தார்கள். அந்த வியப்பு பின்னால் வந்த ஆய்வுகளில் நீடிக்கவில்லை. 2017இல் 29 ஆய்வுகளை, 13,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு அடக்கமானது. 33 பேரை இப்படிக் கவனித்தால், வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதலாக ஒருவர் சில மாதங்களுக்குப் பிறகும் உயிரோடு தம் வீட்டில் இருப்பார். முதியோர் இல்லத்துக்குப் போக நேர்பவர்களின் எண்ணிக்கையும் குறைகிறது. இறப்பு குறைவதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு இந்தச் சிறிய எண் போதும். சொந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர் எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை. அங்கே நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, உணவு ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் வார்டு ஊழியர்களின் வேலை. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொன்னது. முதியோருக்கான தனி வார்டில் பலன் தெளிவாகத் தெரிந்தது. பொது வார்டுகளுக்குப் போய் ஆலோசனை எழுதிவைத்துவிட்டு வரும் நடமாடும் குழுவால் அதே பலன் தெரியவில்லை. காரணம் என்னவென்று யோசித்தால், எழுதிவைத்ததைச் செய்யும் கைகள் அந்தக் குழுவிடம் இல்லை. “தினமும் மூன்று முறை நடக்க வைக்கவும்” என்று கேஸ் ஷீட்டில் இருக்கும். நடக்க வைப்பது யார்?

நம் புதுச்சேரி வார்டில் அந்தக் கைகள் யாருடையவை என்பது எல்லோருக்கும் தெரியும். மகளோ மருமகளோதான். பெட்பேன் வைப்பதும், கஞ்சி ஊட்டுவதும், முதுகில் புண் வந்துவிட்டதா என்று பார்ப்பதும், எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போவதும் அவர்தான். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்டையோ பாகூர் வயலில் நடவுக் கூலியையோ விட்டுவிட்டு வந்து, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பார். வார்டின் பாதி நர்ஸ் வேலையைச் சுமக்கும் அவரிடம் யாரும் எதையும் விளக்குவதில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் பெரும்பாலும் வெளியே நிற்கச் சொல்கிறார்கள். தனிச் சிறப்பு வார்டை இங்கே அப்படியே கொண்டுவந்து வைத்தாலும் இந்த ஒன்றை மாற்றாவிட்டால், நமக்குக் கிடைப்பது பெயர்ப்பலகை மாறிய பொது வார்டுதான்.

கட்டடங்களுக்கும் டாக்டர்களுக்கும் இந்தப் பகுதியில் பெரிய பஞ்சம் இல்லை. பாகூர் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதிக்குள்ளேயே கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டில் ஒன்று இருக்கிறது. கரிக்கலாம்பாக்கத்தில் சமுதாய நலவழி மையம் இருக்கிறது. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனையும் உண்டு. இவ்வளவு நெருக்கமாக மருத்துவக் கல்லூரிகள் உள்ள கிராமப்புறம் நாட்டில் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. ஆனால் பாகூர் தென்கோடியில். ஜிப்மர் நகரின் வடக்கு ஓரத்தில். இடுப்பெலும்பு முறிந்த பாட்டியோடு மொத்த நகரத்தையும் கடந்து போக வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் அதே பாதையில் மறுபடி போக வேண்டும்.

2010இல் தொடங்கிய தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம் காகிதத்தில் நன்றாகவே யோசிக்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனையில் பத்துப் படுக்கை வார்டு, சமுதாய நலவழி மையத்தில் வாரம் இருமுறை கிளினிக், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருமுறை, துணை நிலையத்திலிருந்து வீடு தேடிப் போகும் செவிலியர் என்று படிப்படியாக இறங்கி வருகிறது. இதில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. முதலாவது, திட்டம் அறுபது வயதை வாசலாக வைத்திருக்கிறது. நலிவு வயதைப் பார்த்து வருவதில்லை. முப்பது ஆண்டு சேற்றில் குனிந்து நட்டவர் ஐம்பத்தைந்திலேயே நலிந்திருக்கலாம். ஓய்வூதியம் வாங்கும் ஒருவர் எழுபதிலும் சைக்கிள் மிதிக்கலாம். கிளினிக் நாளன்று வரிசையில் நின்று பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் வரிசையில் நிற்க முடிந்தவர்கள்தான். யாருக்காகத் திட்டமோ அவர் வீட்டில் படுத்திருக்கிறார். இரண்டாவது குறை இதைவிடக் கடுமையானது. கடைசிப் படியான வீடு தேடிப் போகும் வேலை, தாய்சேய் நலமும் தடுப்பூசியும் ஏற்கெனவே தலைமேல் இருக்கும் அதே கிராமச் செவிலியரிடம் போய்ச் சேருகிறது. புது ஆள் இல்லாமல் புது வேலையைச் சேர்த்தால் எது விடுபடும் என்று ஊகிப்பது கடினமில்லை.

2024 அக்டோபர் முதல் எழுபது வயதை எட்டிய எவருக்கும் வருமானம் பாராமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் காப்பீடு உண்டு. ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் இது படுக்கையில் சேர்ந்தால் கிடைக்கும் பணம். டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் வரையான செலவோடு முடிந்துவிடுகிறது. எலும்பு முறிந்த ஒருவர் மீண்டும் நடக்கப் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். நலிந்தவருக்கு ஆஸ்பத்திரியில் சேராமலிருப்பதே பல நேரம் நல்ல சிகிச்சை. அதற்கு இந்தக் காப்பீட்டில் இடமில்லை.

பக்கத்தில் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையையும் வலி தணிப்புக் கவனிப்பையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. பாகூரின் எல்லையோ கடலூர் மாவட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. ஒரு தெருவைத் தாண்டினால் அடுத்த மாநிலம். அந்தத் தெருவின் ஒரு பக்கம் கிடைக்கும் இயன்முறைச் சிகிச்சை மறுபக்கம் ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்பவர் நம் அரசியலில் யாருமில்லாதது எனக்கு வருத்தம்.

இந்த மண்ணிலேயே வேறு மாதிரிகளும் உண்டு. வில்லியனூர் கொம்யூன் இராமநாதபுரத்தில் ஜிப்மர் தன் கிராமப்புற மையத்தை நடத்திவருகிறது. அங்கே பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் வீடு வீடாகப் போய்ப் பழகுகிறார்கள். தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனை ஊர்களில் முகாம் போட்டு, கண்புரை உள்ள முதியவர்களைத் தன் வண்டியிலேயே அழைத்துப்போய் அறுவை முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. அந்த வேலை சில நாளில் முடிந்துவிடும், நலிவு அப்படி முடியாது என்பது சரிதான். ஆனாலும் நோயாளியைக் கூட்டிவருவதும் கொண்டுவிடுவதும் சிகிச்சையின் பகுதி என்று ஒரு மருத்துவமனை ஏற்றுக்கொள்ளலாம் என்பதற்கு அது கண்முன் உள்ள சான்று.

ஆகவே தனி வார்டு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நடமாடும் குழுவே போதும் என்று செலவைக் குறைக்கப் பார்ப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கரிக்கலாம்பாக்கம் போன்ற மையத்தில் சிறிய வார்டு ஒன்று வேண்டும். தாழ்வான கட்டிலும் கைப்பிடி வைத்த கழிப்பறையும் ஓர் இயன்முறைச் சிகிச்சையாளரும் அதற்குப் போதுமான தொடக்கம். கூட இருக்கும் பெண்ணுக்கு ஒரு நாற்காலியும், ரவுண்ட்ஸில் நின்று கேள்வி கேட்கும் உரிமையும், நோயாளியை எப்படித் தூக்குவது, எப்படித் திருப்புவது, எந்த மாத்திரையை நிறுத்துவது என்ற பாடமும், இழந்த கூலிக்கு ஒரு படியும் கிடைக்க வேண்டும். புதுச்சேரி முதியோருக்கு மாத உதவித்தொகை தருகிறது. அவர்களைத் தூக்கிப் பிடிப்பவர்களுக்கும் அதேபோல ஒரு தொகை கேட்பது அதிகமில்லை.

இதிலும் ஒரு சிக்கல் தீராமல் நிற்கிறது. கூட இருக்க யாருமே இல்லாத முதியவர்கள் இந்தக் கிராமங்களில் பெருகிவருகிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். பணம் வருகிறது, ஆள் வர முடிவதில்லை. குடும்பத்தை நம்பிக் கட்டப்படும் வார்டு இவர்களைக் கைவிட்டுவிடும். அவர்களுக்கு ஊதியம் பெறும் கைகள்தான் வேண்டும். அந்த ஊதியத்தைக் கொம்யூன் பஞ்சாயத்து தருமா, சுகாதாரத் துறை தருமா என்பதைப் பத்துப் படுக்கைக்கு அடிக்கல் நாட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.